‘காலு கடுக்குது’ என்றால் மூச்சையும் பாருங்கள்: பெரியவர்களின் நுரையீரல் தளர்ச்சியை அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்க

எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஊருணிக்குப் போகிற பாதையில் 14 பனைகள் நிற்கின்றன. சாயல்குடிக்கும் மூக்கையூருக்கும் இடைப்பட்ட ஊர். அம்மா 60 வயதைத் தாண்டியும் தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று அந்தப் பாதையில் நிற்காமல் வந்தவர். அப்புறம் அது ஒரு குடமானது. வீட்டுக்குக் குழாய் வந்ததும் ஊருணிக்கே போகவில்லை. சந்தைக்கு என் மனைவியை அனுப்பினார். அடுத்த தெருக் கல்யாணத்துக்கு மொய்யை மட்டும் கொடுத்துவிட்டார். கேட்டால் ஒரே பதில்தான்: “காலு கடுக்குதுப்பா. வயசாயிருச்சுல்ல.”

நானும் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், இரண்டு வருஷம்.

இத்தனைக்கும் நான் படகு என்ஜின் மெக்கானிக். ஒரு என்ஜின் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன். ஏர் ஃபில்டரா, இன்ஜெக்டரா, டர்போவா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்க் கோளாறைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்குள் ஒருவருக்குக் காற்று போதவில்லை என்பது மட்டும் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், அம்மாவோடு அலைந்தும் தெரிந்துகொண்டதைப் பட்டறைப் பாணியிலேயே எழுதுகிறேன். இன்ன நோய் என்று முடிவு சொல்வது மருத்துவர் வேலை. எதைக் கவனித்து, எதைக் கையில் எடுத்துக்கொண்டு, எவ்வளவு சீக்கிரம் அவரிடம் போக வேண்டும் என்பது வரைதான் நம் வேலை.

முதலில்: சோதித்துக்கொண்டு நிற்கக் கூடாதவை

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் மீதியைப் படிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். உதடோ நாக்கோ நீலம் பாரித்திருப்பது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு ஓடுவது. இருமலில் ரத்தம் கொட்டுவது. திடீர் நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, அதையடுத்து திடீரென்று மூச்சு முட்டுவது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் பேசுவது.

வண்டி வரும்வரை படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு மேசையிலோ தலையணை அடுக்கிலோ கைகளை ஊன்றிச் சாய்ந்திருக்கச் செய்யுங்கள். சுற்றி நின்று விசாரிக்கிற கூட்டத்தை விலக்குங்கள்.

வயசு எவ்வளவு எடுக்கும்?

“வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்” என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 25 வயதுவாக்கில் நுரையீரல் உச்சத்தில் இருக்கும். பிறகு புகை பழக்கம் இல்லாதவருக்கும், வேகமாக ஊதி ஒரு விநாடியில் வெளியேற்றும் காற்று வருஷத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி வரை குறைந்துகொண்டே வரும். விலா எலும்புக் கூடு இறுகுகிறது, மூச்சை இழுக்கும் தசைகள் தளர்கின்றன.

ஆனால் நுரையீரலில் கையிருப்பு ஏராளம். நோயில்லாத 70 வயதுக்காரர் சமதரையில் தன் போக்கில் நடந்தால் இளைக்கக் கூடாது. இளைக்கிறதென்றால் வயதை மட்டும் குற்றம் சொல்லி விட்டுவிட முடியாது. கையிருப்பு அதிகம் என்பதால்தான் பாதிப்பு வெளியே தெரிய இத்தனை நாளாகிறது. தெரிகிற நேரத்தில் கணிசமாகப் போயிருக்கும்.

அறிகுறி: “எனக்கு ஒன்னுமில்ல”, ஆனால் வேலைகள் குறைந்துகொண்டே வருகின்றன

இதுதான் முதலில் வருவது, கடைசியில் கண்டுபிடிக்கப்படுவது. மூச்சு வாங்குகிறவர் மூச்சு வாங்குகிறது என்று சொல்வதில்லை. மூச்சு வாங்க வைக்கிற வேலையை விட்டுவிடுகிறார். விட்ட பிறகு மூச்சு வாங்குவதில்லை. ஆகவே அவர் சொல்வதும் பொய்யில்லை.

எனவே “இளைக்குதா?” என்று கேட்காதீர்கள். போன தை மாதம் செய்ததில் இந்தத் தை மாதம் செய்யாதது என்ன என்று உங்களுக்குள் கேளுங்கள். கோலம் சுருங்கியிருக்கிறதா? கிணற்றடிக் குளியல் நின்றுபோனதா? கடற்கரையில் வலை பார்க்கப் போனவர் திண்ணையோடு நின்றுவிட்டாரா? மணலில் நடப்பது தார்ச்சாலையைவிடக் கூடுதல் உழைப்பு. எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் விடுவது மணலைத்தான்.

அப்புறம் கூடவே நடந்து பாருங்கள். பேசிக்கொண்டே நடக்க வேண்டும், அதுதான் தந்திரம். மூச்சு போதாதபோது பேச்சு முதலில் நிற்கும். அல்லது “இந்தக் கருவேலத்தப் பாரேன், எப்படி மண்டிருச்சு” என்று எதையாவது காட்டுகிற சாக்கில் ஆள் நிற்பார். அம்மா ஏழாவது பனையருகே செருப்பு வாரைச் சரிசெய்வார். அந்த வாரில் ஒரு கோளாறும் கிடையாது.

மருத்துவர்கள் மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். நம் ஊர் அளவில் சொன்னால் இப்படி வரும். கடுமையான வேலைக்கு மட்டும் இளைத்தால் 0. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாலோ, ராமேஸ்வரம் ராமர் பாதம் மாதிரி லேசான மேட்டில் ஏறினாலோ இளைத்தால் 1. சமதரையில் தன் வயதுக்காரர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியாமல் பின்தங்கினால், அல்லது தன் போக்கில் நடக்கும்போதே நின்று மூச்சு வாங்கினால் 2. நூறு மீட்டருக்கோ சில நிமிடத்துக்கோ ஒருமுறை நின்றே ஆக வேண்டுமென்றால் 3. சேலை கட்டும்போதே இளைத்து, வீட்டை விட்டு இறங்க முடியாவிட்டால் 4. படி 1 என்றாலே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. 2 என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

நிற்கும்போது கை எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். முழங்காலைத் தடவினால் மூட்டுவலியாக இருக்கலாம். இடுப்பிலோ தொடையிலோ கையை ஊன்றிக் குனிந்து, வாயைக் குவித்து ஊதினால் மூச்சு. ஆடுசதையில் கவ்விப் பிடித்து, நின்றதும் விட்டுவிட்டால் கால் ரத்தக்குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பீடி அந்தக் குழாயையும் கெடுக்கும்.

மூச்சுதான் என்றாலும் நுரையீரல்தான் என்று ஆகிவிடாது. மல்லாந்து படுத்தால் கூடுகிறது, இரண்டு மூன்று தலையணை தேவைப்படுகிறது, நடு இரவில் திணறி எழுகிறார், இரண்டு கணுக்காலும் மாலையில் வீங்குகின்றன என்றால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். கீழ் இமையின் உள்புறம் வெளிறியிருந்தால் ரத்தசோகையும் கணக்கில் வரும். வயதானவர்களுக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தே இருப்பது சகஜம். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். என்ஜினிலும் அப்படித்தான், ஃபில்டரும் அடைத்திருக்கும், டீசல் லைனிலும் ஓட்டை இருக்கும்.

அறிகுறி: இருமல்

இருமலை ஒரே நோயாக நினைப்பதால்தான் ஒரே சிரப்பில் காலம் ஓடுகிறது. பிரித்துப் பாருங்கள்.

இரண்டு வாரம் தாண்டிவிட்டதா? காரணம் எதுவாகத் தோன்றினாலும் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சொன்னால் போதும், காசநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம். சர்க்கரை இருப்பவர்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு அதிகம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். டிபி என்ற சொல்லுக்குப் பயந்து சோதனையைத் தவிர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறு வயதில் டிபி வந்து குணமானவர்கள் வீட்டில் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது விட்டுப்போன தழும்பே பிற்காலத்தில் மூச்சிரைப்புக்குக் காரணமாகலாம்.

வருஷக்கணக்காகக் காலையில் எழுந்ததும் காறிக் காறிச் சளி துப்புகிறாரா? “பீடி குடிக்கிறவருக்கு அப்படித்தான்” என்று வீடே பழகிப்போயிருக்கும். வருஷத்தில் மூன்று மாதம், அடுத்தடுத்து இரண்டு வருஷம் சளியோடு இருமல் இருந்தால் அதற்கு நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்று பெயர். சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோயின் வாசல்களில் அது ஒன்று.

சளியே இல்லாத வறட்டு இருமல், புதிதாகப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்ததா? எனலாபிரில், ராமிபிரில் வகை மாத்திரைகள் சிலருக்கு இதைச் செய்யும். மாத்திரைச் சீட்டோடு மருத்துவரிடம் போனால் மாற்றிக் கொடுப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தண்ணீர் குடிக்கும்போதோ சாப்பிடும்போதோ மட்டும் இருமி, குரல் கரகரத்தால் உணவு தவறி மூச்சுக்குழாய்க்குள் போகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இது அதிகம், அடிக்கடி நிமோனியா வருவதற்கும் இதுவே வழி. சாய்ந்து படுத்தபடி ஊட்டுவதை அன்றைக்கே நிறுத்துங்கள்.

ராத்திரி மட்டும் வரும் இருமலுக்கு ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், இதயம் மூன்றையும் கேட்க வேண்டும். சளியில் ரத்தக்கோடு தெரிந்தால், சிறிதாக இருந்தாலும், அந்த வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். எத்தனையோ வருஷமாக ஒரே மாதிரி இருந்த இருமல் திடீரென்று ஒலி மாறினாலும், குரல் மூன்று வாரத்துக்கு மேல் கட்டியிருந்தாலும் அப்படியே.

அறிகுறி: நெஞ்சில் விசில், இரைப்பு

60 வயதுக்கு மேல் புதிதாக இரைப்பு வந்தால் முதலில் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறங்கள். கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து, கண்ணில் விட்டாலும் உடம்புக்குள் போய் மூச்சுக்குழலை இறுக்கக்கூடியது. கண் மருத்துவமனையில் எழுதிய சொட்டு மருந்தை நெஞ்சு மருத்துவரிடம் யாரும் காட்டுவதில்லை, அது மருந்தாகவே வீட்டில் கணக்கில் வருவதில்லை. கை நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையும் அதே வகை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளும் ஒத்துக்கொள்ளாது.

மருந்தில் ஒன்றுமில்லை என்றால் நாளையும் காற்றையும் குறித்து வையுங்கள். ஆடியில் கச்சான் காற்று புழுதியை வாரியடிக்கும்போது கூடுகிறதா, மார்கழி வாடையில் கூடுகிறதா, விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் போட்ட அன்று கூடுகிறதா, படகுக்கு ஃபைபர் தேய்த்த அன்று கூடுகிறதா? மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில்தான் எங்கள் பக்கம் படகெல்லாம் கரையேறும். அப்போது கண்ணாடியிழைத் தூசியில் முகத்துக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தேய்ப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். துண்டு அந்தத் தூசியை நிறுத்தாது. சொன்னால் சிரிப்பார்கள்.

வீட்டுக்குள் பாருங்கள், கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஜன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியில் ஏற்றி வைத்து, “கொசு கடிக்காமத் தூங்கு ஆத்தா” என்கிறோம். கொசுவலை போதும்.

அறிகுறி: காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் சரியில்லை

வயதானவர்களுக்கு நிமோனியா வந்தால் காய்ச்சலும் இருமலும் வந்தே தீரும் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டும் இல்லாமலே வரும். சோற்றைத் தள்ளிவிடுவது, பகலெல்லாம் சுருண்டு படுப்பது, நேரம் காலம் குழம்பிப் பேசுவது, பாத்ரூம் போகையில் விழுவது ஆகியவைதான் அப்போது அறிகுறிகள். “மனசு சரியில்ல போல” என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

இங்கே கைகொடுப்பது மூச்சை எண்ணுவது. காசில்லாத சோதனை, ஆனால் முறை இருக்கிறது. எண்ணப் போகிறேன் என்று சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். ஓய்வில் 12 முதல் 20 வரை சாதாரணம், வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். 25-ஐத் தொட்டால் அன்றே மருத்துவர். நன்றாக இருக்கும் நாட்களிலேயே ஒருமுறை எண்ணிக் குறித்து வைத்திருந்தால்தான் கூடியிருப்பது தெரியும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் கையில் இருந்தால்

கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டது பல வீடுகளில் இருக்கும். பேட்டரி மாற்றுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலில் மாட்டுங்கள். முதலில் காட்டும் எண்ணைப் படிக்காமல், ஒரு நிமிடம் பொறுத்து நிலையான எண்ணைப் படியுங்கள். 95-உம் அதற்கு மேலும் சரி. 93, 94 என்று நின்றால் அன்றே காட்டுங்கள். 92-க்கோ அதற்குக் கீழேயோ போனால் அவசரம். ஏற்கெனவே சிஓபிடி உள்ளவர்களுக்கு எவ்வளவு இருந்தால் போதும் என்பதை அவருடைய மருத்துவரிடம் தனியாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும், அது வேறு கணக்கு. கறுத்த தோலில் சில கருவிகள் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். நம்மில் பெரும்பாலோர் நிறம் அதுதான். எண் நன்றாக இருக்கிறது, ஆள் திணறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

ஆரம்ப நிலையில் ஓய்வில் 97 காட்டும், நடந்தால் இறங்கும். ஆகவே மெதுவாக ஆறு நிமிடம் நடக்கவிட்டு, நின்ற உடனே பாருங்கள். நான்கு புள்ளிக்கு மேல் இறங்கினால் அதையே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூச்சைப் பிடித்துப் பத்து எண்ணினால் நுரையீரல் சுத்தம் என்று ஒரு வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது சோதனையே ஆகாது. கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர்களும், பாம்பன் தீவுகளில் பாசி எடுக்கப் போகும் பெண்களும் மூச்சை அடக்கியே வாழ்ந்தவர்கள். நுரையீரல் பாதி கெட்டாலும் அந்த வீடியோவில் அவர்கள் பாஸாகிவிடுவார்கள். “சங்குக்காரன் எனக்கா மூச்சு?” என்று கேட்கிற தாத்தாவைத்தான் முதலில் கூட்டிப் போக வேண்டும். அடக்குவதை விட்டுவிட்டு, நன்றாக இழுத்த ஒரே மூச்சில் சத்தமாக ‘ஒன்னு, ரெண்டு’ என்று சீராக எத்தனை வரை எண்ணுகிறார் என்று மாதம் ஒருமுறை குறிக்கலாம். சடுகுடு பாடுகிற மாதிரிதான். மற்றவரோடு ஒப்பிட வேண்டாம். அவருடைய போன மாதத்து எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சின்ன அடையாளங்கள்

இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவே வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது அடைபட்டு, விரல் நுனி உருண்டு கிளி மூக்குபோல் வளைந்திருந்தால் நுரையீரல் தழும்பு நோய், புற்றுநோய், நாள்பட்ட சீழ் என்று சிலவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஷாம்ரோத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தனக்கே நோய் வந்தபோது தன் விரல்களில் கவனித்து 1976-இல் எழுதியது இது.

ஜாக்கெட் தொளதொளத்துப்போவது, காலையில் தலைவலியோடு எழுந்து பகலில் உட்கார்ந்தபடி தூங்கி விழுவது இரண்டும் பட்டியலில் சேர்க்க வேண்டியவை. பகல் தூக்கத்தோடு பலத்த குறட்டையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் எதைச் சொல்வது

அம்மா விஷயத்தில் நாங்கள் தவறவிட்டது இங்கேதான். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், “கிளியரா இருக்கு” என்றார்கள், சிரப் கொடுத்தார்கள். “பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” என்றும் கேட்டார்கள். அம்மா சிரித்துக்கொண்டே இல்லை என்றார். அத்தோடு முடிந்தது.

எக்ஸ்ரேயில் ஆரம்ப சிஓபிடி தெரியாமல் போகலாம். கேட்டிருக்க வேண்டியது அடுப்பை. பதனீர்க் காலம் வந்தால் அம்மா விடிலிக்குள் போய்விடுவார். பனையோலைக் குடிசை, ஒரே வாசல், உள்ளே பெரிய அடுப்பு, பனைமட்டையும் கருவேல விறகும் எரிய, கருப்பட்டிப் பதம் வரும்வரை மணிக்கணக்காகக் கிண்டியபடி நிற்பார். சீசன் முடிந்தாலும் வீட்டுச் சமையல் விறகில்தான். பீடியைத் தொடாமலே சிஓபிடி வரும் பெண்களில் பலருடைய கதை இப்படித்தான் இருக்கிறது.

ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் புகையில், அதை எத்தனை வருஷம்? இரண்டையும் பெருக்கினால் வருவது ஒரு எண். மருத்துவ ஆய்வுகளிலும் அடுப்புப் புகையை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். பீடி என்றால் நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷம், எப்போது விட்டார் என்று எழுதுங்கள். கரிமூட்டம், உப்பளம், கயிற்றுத் தூசி, ஃபைபர் வேலை, மில் என எங்கே உழைத்திருந்தாலும் சேருங்கள். விட்டு இருபது வருஷமான வேலையும் கணக்குதான். கூடவே எல்லா மருந்துகளும், கண் சொட்டு மருந்து உட்பட.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ‘ஊதுற டெஸ்ட்’ என்றால் புரியும். ஊசி கிடையாது, வலி கிடையாது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ, மதுரையிலோ நுரையீரல் பிரிவில் விசாரியுங்கள். மூக்கைக் கிளிப்பால் மூடி, முழு மூச்சு இழுத்து, ஒரே வேகத்தில் ஊதி, ஆறு விநாடியாவது தொடர வேண்டும். முதல் விநாடியில் வெளிவருவது மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்து, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அப்படியே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். சமீபத்தில் மாரடைப்போ கண் ஆபரேஷனோ நடந்திருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அம்மா அந்தக் குழாயைப் பார்த்ததும், “ஊதாங்குழல்தானே, அம்பது வருசமா ஊதுறேன்” என்றார். மூன்றாவது விநாடியில் இருமல் வந்து நின்றுவிட்டது. மூன்று முறை முயன்று, நான்காவது தடவைதான் ஆறு விநாடி வந்தது. ரிப்போர்ட்டில் 70 சதவீதமாவது இருக்க வேண்டிய இடத்தில் 58 என்று இருந்தது.

கண்டுபிடித்த பிறகு

இது நீளமான விஷயம், இங்கே சுருக்கம்தான். பஃப் (வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் இன்ஹேலர்) எடுத்தால் பழகிவிடும் என்பது தவறு. அது மூச்சுக்குழலுக்கு நேரே போகும் குறைந்த அளவு மருந்து. வயதானவர்களுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது, பாதி மருந்து நாக்கிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூடு வாங்கி மாட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த பஃப் என்றால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இளைக்கும்போது மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் மெதுவாக விடப் பழக்குங்கள்.

“இத்தன வருசம் குடிச்சாச்சு, இனி விட்டு என்னாகப் போகுது?” என்று பீடிக்காரர்கள் கேட்பார்கள். 1977-இல் பிளெட்சர், பீட்டோ இருவரும் இதற்கு ஒரு கோடு வரைந்து காட்டினார்கள். போன நுரையீரல் திரும்பாது, ஆனால் விட்ட நாளிலிருந்து சரிவின் வேகம் புகைக்காதவர் அளவை நெருங்கிவிடும். எந்த வயதில் விட்டாலும் அந்தக் கோடு திரும்புகிறது.

எங்கள் வீட்டில் அடுப்பு கேஸுக்கு மாறிவிட்டது. விடிலிக்கு இரண்டு பக்கமும் வாசல் வைத்து, அம்மாவை அதன் பக்கமே விடுவதில்லை, கோபம் அவருக்கு. அடுக்களைக் காலண்டரில் நான் பனைக் கணக்கு எழுதுகிறேன், எத்தனையாவது பனையில் நின்றார் என்று. ஐப்பசி முழுக்க 9. வாடை அடித்த இரண்டு நாள் 7. போன செவ்வாய்க்கிழமை 11, பக்கத்தில் அவரே பென்சிலால் எழுதியிருக்கிறார்: செருப்பு வார் அந்து போச்சு, இல்லாட்டி 12.